பெயரழியாப் பகிர்வு

நுழையும்முன்

விரும்பிய ஓவியத்தை விரல்நுனியில் பெறும் காலம் இது. கலைஞர் மனமுவந்து இணையத்தில் வைத்த படைப்பைப் பார்த்து மகிழலாம். தம் பயன்பாட்டிற்கெனச் சேமித்தும் வைக்கலாம். ஆயினும், பெறுவது எளிதாகிவிட்டதால் பெறுவோரின் கடமை குறைந்துவிடுவதில்லை. பகிரப்பட்ட படைப்பில் எது நமக்குத் தரப்பட்டது, எது கலைஞரிடமே இருக்கிறது என்பதை அறிந்து நடப்பதே இணையப் பண்பாட்டின் அடிப்படையாகும். அதனை இப்பாடம் விளக்குகிறது.

கைக்குள் ஒரு கலைக்கூடம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டிற்குச் செல்லும் மின்தொடர் வண்டியில் பயணம் செய்யும் மாணவர்களின் கைப்பேசித் திரைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய கலைக்கூடம். ஒரு திரையில் மழையில் நனையும் கோபுரம். மற்றொன்றில் ஏரிக்கரையில் நிற்கும் நாரை. வேறொன்றில் விரும்பிய எழுத்தாளரின் கோட்டுருவம். இவற்றுள் பல, கலைஞர்கள் தம் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிட்டவை. எவரோ ஒருவர் பல நாள் உழைத்து வரைந்த படம், ஒரு நொடியில் இன்னொருவரின் திரைமுகப்பாகிறது.

இதில் தவறேதும் இல்லை. தம் படைப்பைப் பலரும் காண வேண்டும் என்ற விருப்பத்தினால்தான் கலைஞர் அதனை இணையத்தில் வைக்கிறார். படத்தைத் திரைமுகப்பாக வைத்துக்கொள்வது, அதனைப் பார்த்து வரைந்து பழகுவது, நண்பருக்குக் காட்டுவது போன்றவை தனிப்பயன்பாடு எனப்படும். பெரும்பாலான கலைஞர்கள் இதனை மகிழ்ச்சியோடு ஏற்கின்றனர். 'தனிப்பயன்பாட்டிற்கு மட்டும்' என்று படத்தின் கீழ் எழுதி, பதிவிறக்குவதற்கென்றே நல்ல தரமான கோப்பை வைப்போரும் உண்டு.

கோடைக்காலத்தில் வழிப்போக்கர்களுக்காகத் தண்ணீர்ப்பந்தல் அமைப்பது நம் வழக்கம். தாகமுற்றவர் எவரும் அதில் நீர் அருந்தலாம்; விலை கேட்பாரில்லை. ஆனால், அந்நீரைப் புட்டிகளில் நிரப்பி விற்பவரையோ, பந்தல் அமைத்தவரின் பெயர்ப்பலகையைக் கழற்றித் தம் பெயரை மாட்டுபவரையோ ஊர் ஏற்பதில்லை. இலவசமாகத் தரப்படுவதால் ஒரு பொருள் உரியவர் இல்லாத பொருளாகிவிடாது. இணையத்தில் பகிரப்படும் கலைக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு வினா எழலாம். நீர் மொண்டால் குடம் குறையும்; படத்தைப் படியெடுத்தால் மூலப்படம் குறைவதில்லையே, பிறகென்ன இழப்பு என்பதே அவ்வினா. படம் குறைவதில்லை என்பது உண்மைதான். குறைவன வேறு இரண்டு. ஒன்று, படைத்தவரின் பெயர். மற்றொன்று, அவர் பிழைப்பதற்கான வழி. இவ்விரண்டையும் காப்பதற்கான நடைமுறைகளே பதிவிறக்கத்தின் பண்பாடாகும்.

பெயர் காத்த மரபு

படைத்தவரின் பெயரைப் போற்றுவது தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சில பாடல்களைப் பாடியவர் யாரெனத் தெரியவில்லை. பெயர் தெரியாத புலவர்களுள் சிலருக்கு, அவர்கள் பாட்டில் அமைந்த அரிய தொடரே பெயராகியது. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் எனப்பட்டார். அதற்கடுத்த பாடலைப் பாடியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இடம்பெற்றார். இயற்பெயர் மறைந்தபோதும் பாட்டிற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்னும் உண்மை மறைந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தை இப்பெயர்களில் காணலாம்.

பதிப்புத் துறையிலும் இப்பண்பு விளங்கியது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். தமக்கு ஏடு தந்து உதவியவர்களின் பெயர்களைத் தம் பதிப்புகளின் முகவுரைகளில் நன்றியுடன் குறித்தார். சுவடியைப் படைத்தவர்கள் அல்லர், பாதுகாத்துக் கொடுத்தவர்கள் என்ற போதும் அவர்களுடைய பெயர்கள் பதிவாயின. கொடுத்தவருக்கே இத்தகைய மதிப்பு உண்டெனில், படைத்தவருக்கு உரிய மதிப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் பெயர் தொலையும் விதம்

ஓவியர் தம் பக்கத்தில் படத்தை வெளியிடும்போது படத்தோடு பெயர், தலைப்பு, குறிப்பு ஆகியன இருக்கும். பார்ப்பவர் 'பகிர்க' என்னும் பொத்தானைப் பயன்படுத்தினால் அவையனைத்தும் உடன் செல்லும். அதற்கு மாறாகத் திரைப்பிடிப்பு எடுத்தால் படம் மட்டும் வரும். பெயரும் குறிப்பும் பின்தங்கிவிடும். திரைக்கு ஏற்ப ஓரத்தை வெட்டும்போது மூலையிலிருந்த கையொப்பமும் வெட்டுப்படும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்குவதோடு, அதனுள் பொதிந்திருக்கும் விவரங்களும் நீங்கிவிடும். இவ்வாறு மூன்று கை மாறிய படம் ஊர் பேர் தெரியாத படமாகிறது. நான்காமவர் அதனை 'இணையத்தில் கிடைத்தது' என்கிறார். எவரும் திருடவில்லை, ஆயினும் பெயர் களவு போயிற்று.

கும்பகோணப் பகுதியில் பிறந்த ஓவியர் இளையராஜாவின் படைப்புகளை இதற்குச் சான்றாகக் காட்டலாம். சிற்றூர்ப் பெண்களையும் வீட்டினுள் விழும் வெளிச்சத்தையும் அவர் தைலவண்ணத்தில் உயிர்ப்போடு தீட்டினார். இணையத்தில் பரவிய அவ்வோவியங்களை ஒளிப்படங்கள் என்றே கருதியோர் பலர். 2021 ஜூன் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் அவர் மறைந்தார். ஓர் ஓவியம் பெயரின்றியும் குறிப்பின்றியும் பரவும்போது படைத்தவர் மட்டும் மறைவதில்லை; அது தூரிகையால் தீட்டப்பட்டது என்ற செய்தியும், அதன் பின்னுள்ள பயிற்சியும் உழைப்பும் சேர்ந்தே மறைகின்றன.

கலையும் வாழ்வும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்துள்ளது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966-இல் உருவான கூட்டு வாழிடம் அது. ஓவியத்தையும் சிற்பத்தையும் மட்டும் நம்பி வாழ்வது கடினம் என்பதை உணர்ந்த அக்கலைஞர்கள், பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கி வீடும் பணிக்கூடமும் அமைத்துக்கொண்டனர். கலை செழிக்க வேண்டுமாயின் கலைஞர் முதலில் வாழ வேண்டும் என்பதை இக்கிராமத்தின் வரலாறு உணர்த்துகிறது.

இன்றைய இளம் ஓவியர்களுக்குக் கைவினைப் பொருள்களின் இடத்தில் இருப்பவை அச்சுப்படிகள், வாழ்த்தட்டைகள், நாட்காட்டிகள், சட்டைகளில் பொறிக்கும் வரைவுகள் போன்றவை. இணையத்தில் இலவசமாகக் காட்டப்படும் படமே இவற்றுக்கான விளம்பரம். பலரும் திரைக்கு மட்டும் ஏற்ற சிறிய அளவில் படத்தை வெளியிட்டு, அச்சிடத் தக்க பெரிய கோப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே. காண்பது இலவசம், அச்சிட்டு விற்பது அவர்தம் பிழைப்பு. இந்த எல்லைக்கோட்டைக் காண்போர் மதிக்கும் வரைதான் அவர் தொடர்ந்து படங்களைத் திறந்த மனத்தோடு பகிர முடியும்.

சட்டம் வகுத்த எல்லை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. ஓவியம், சிற்பம், ஒளிப்படம் முதலியன கலைப்படைப்பு என்னும் பிரிவில் அடங்கும். ஓவியத்திற்கான உரிமை, ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவிற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பதில்லை. படைத்த அளவிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எனவே, 'உரிமை பெற்றது' என்னும் குறிப்பு படத்தில் இல்லாமையால் அது பொதுச்சொத்து ஆகாது.

அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பயன்பாட்டிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. வகுப்பறையில் கற்பிக்கும்போதும் கற்கும்போதும் படைப்புகளைப் பயன்படுத்தவும் அது இடமளிக்கிறது. 57-ஆம் பிரிவோ கலைஞரின் தனிச்சிறப்பான உரிமையைக் கூறுகிறது. பதிப்புரிமையை வேறொருவருக்கு விற்றுவிட்ட பின்னரும், 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமையும், தம் மதிப்பிற்கு இழுக்கு நேரும் வகையில் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே நிலைத்திருக்கும்.

சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கு இவ்வுரிமைக்கு எடுத்துக்காட்டாகும். புதுதில்லி விஞ்ஞான் பவன் சுவரில் அவர் அமைத்த மாபெரும் வெண்கலப் புடைப்புச் சிற்பம், 1979-இல் கட்டடச் சீரமைப்பின்போது பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைவுற்றது. சிற்பத்திற்கு உரிமையாளர் அரசு. எனினும் சிற்பி நீதிமன்றத்தை நாடினார். 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம், எஞ்சிய சிற்பத்தை அவரிடமே ஒப்படைக்கவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தீர்ப்பளித்தது. பொருளை விலைகொடுத்து வாங்கியவருக்கே இத்தகைய கட்டுப்பாடு உண்டெனில், விலையின்றிப் பதிவிறக்கியவருக்கு உள்ள பொறுப்பை எண்ணிப் பார்க்கலாம்.

தெரியுமா?

பாரதியார் படைப்புகளுக்கான உரிமை, அவர் மறைவிற்குப் பின் தனியாரிடம் இருந்தது. பாடல்களை ஒலிபரப்பவும் திரைப்படத்தில் பயன்படுத்தவும் உரிய உரிமையைத் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் பெற்றிருந்தார். பாரதியின் பாடல்கள் மக்களுக்கு உரியவை என்னும் குரல் வலுத்தபோது, அவர் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைத் தன் உடைமையாக்கியது. பின்னர் 1955-இல் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. உரிமை பொதுவானாலும் 'பாரதியார் பாடல்' என்னும் பெயர் மாறவில்லை என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

கேட்டுப் பெறும் முறை

கேளாமல் எடுப்பதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தமிழ் முயற்சி தெளிவாகக் காட்டுகிறது. மேற்குத் தாம்பரத்து வங்கிக் கிளையொன்றில் கணக்கு வைத்து, பொதுமக்களின் நன்கொடையால் இயங்குவது கணியம் அறக்கட்டளை. த. சீனிவாசன் உள்ளிட்ட தன்னார்வலர்கள் 2012-இல் கணியம் என்னும் கணினி நுட்ப மின்னிதழைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் தமிழ் நூல்களை இலவசமாகப் பதிவிறக்குவதற்கான 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' என்னும் திட்டத்தையும் தொடங்கினர்.

வலைப்பூக்களில் எவரும் படிக்கும் வண்ணம் ஏராளமான தமிழ்க் கட்டுரைகளும் கதைகளும் கிடந்தன. அவற்றைத் திரட்டி மின்னூலாக்குவது கணினி அறிந்தவர்க்கு எளிய வேலை. அவ்வாறு எடுத்துக்கொள்ளாமல், எழுத்தாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதி ஒப்புதல் கேட்டனர். ஒப்பியவர்களின் எழுத்துகள் மட்டுமே நூலாயின. எந்த நிபந்தனையின்கீழ் நூலைப் பகிரலாம் என்பதை எழுத்தாளரே தேர்ந்தெடுத்தார். நூலின் முன்பக்கங்களில் எழுத்தாளரின் பெயரோடு அட்டைப்படம் வடிவமைத்தவரின் பெயரும் மின்னூலாக்கம் செய்தவரின் பெயரும் இடம்பெற்றன. விலையில்லா நூலிலும் உழைத்த கைகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்பது இதன் சிறப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

பகிர்வுக்கான நிபந்தனையைப் படைத்தவரே முன்கூட்டி அறிவிக்க உதவுவது 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் பொது உரிமம். இதன் முதல் உரிமங்கள் 2002-இல் வெளியிடப்பட்டன. அவற்றில் காணப்படும் நான்கு நிபந்தனைகள்:

பெயர் குறித்தல் – பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.
வணிகம் தவிர்த்தல் – பொருளீட்டும் நோக்கில் பயன்படுத்தக் கூடாது.
மாற்றம் தவிர்த்தல் – மாற்றிய வடிவத்தைப் பிறருக்குப் பகிரக் கூடாது.
அவ்வாறே பகிர்தல் – மாற்றி வெளியிட்டால் அதனையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

எல்லை மாறும் இடம்

தனிப்பயன்பாடு பொதுப்பயன்பாடாக மாறுவது பல வேளைகளில் நம்மை அறியாமலே நிகழ்கிறது. தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியின் மாணவி, சீறும் புலியின் ஓவியம் ஒன்றைப் பதிவிறக்கித் தன் கைப்பேசி முகப்பில் வைத்திருக்கிறாள் எனக் கொள்வோம். அது தனிப்பயன்பாடு. அதனைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் வரைந்து பழகுகிறாள். அதுவும் தனிப்பயன்பாடே. பள்ளியின் கபடி அணிக்கு அப்படம் பொருத்தமாக இருக்கும் என்று தோழியர் கூற, பன்னிரண்டு சட்டைகளில் அச்சிடுவதற்காகக் கோப்பை அச்சகத்திற்கு அனுப்புகிறாள். இங்கே எல்லை கடக்கப்படுகிறது. சட்டை நன்றாக இருப்பதாகக் கண்ட அச்சகத்தார், அதே கோப்பைக் கொண்டு நூறு சட்டைகளை அச்சிட்டுக் கடைவீதியில் விற்கத் தொடங்கினால், அம்மாணவியால் அதனைத் தடுக்க இயலாது. ஓவியரின் கையொப்பம் வெட்டப்பட்ட அப்படம் எவருடையது என்பதை அச்சகத்தார் அறியவும் வழியில்லை.

மாணவிக்கு ஆசை மட்டுமே இருந்தது. தீய எண்ணம் இல்லை. ஆயினும் ஓவியருக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது. தாம் வரைந்த புலியைத் தாமே சட்டையில் அச்சிட்டு விற்க முற்படும் நாளில், 'இது கடையில் கிடைக்கும் படம்தானே' என்னும் சொல்லை அவர் கேட்க நேரிடும். அச்சகத்திற்கு அனுப்பும் முன் ஓவியருக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தால் இந்நிலையைத் தவிர்த்திருக்கலாம். பள்ளி அணிக்கென்றால் அவர் மகிழ்ந்து ஒப்பியிருக்கக்கூடும், சிறு தொகை கேட்டிருக்கவும்கூடும், மறுத்திருக்கவும்கூடும். மூன்றும் அவருக்குரிய விடைகளே.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

படத்தைப் பதிவிறக்கும் முன் அதன் கீழுள்ள குறிப்பைப் படிக்க வேண்டும். 'மறுபதிவு வேண்டா' என்று கலைஞர் எழுதியிருந்தால் அதுவே இறுதிச் சொல். குறிப்பு எதுவும் இல்லையெனில் தனிப்பயன்பாட்டோடு நிறுத்திக்கொள்வதே முறை. இல்லாத குறிப்பை ஒப்புதலாகக் கொள்ளலாகாது.

சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே கலைஞரின் பெயரைச் சேர்த்து வைப்பது நற்பழக்கம். எண்களாலான பெயரோடு சேமித்த படத்தை ஓராண்டிற்குப் பின் காணும்போது அதை வரைந்தவர் யாரென நினைவிருக்காது. பெயர் தெரியாத படம் கிடைத்தால், படத்தைக் கொண்டே அதன் மூலத்தைத் தேடும் வசதி தேடுபொறிகளில் உள்ளது. தேடியும் பெயர் கிட்டாத படத்தைப் பொதுவெளியில் மீண்டும் பகிராமல் இருப்பது நன்று.

நண்பருக்குக் காட்ட விரும்பினால் படத்தை அனுப்புவதினும் கலைஞரின் பக்கத்திற்கான இணைப்பை அனுப்புவது மேலானது. பார்ப்பவர் அவருடைய பிற படைப்புகளையும் காண்பார். விரும்பினால் விலைக்கு வாங்கவும் செய்வார். கையொப்பத்தை வெட்டுதல், வண்ணத்தை மாற்றி வெளியிடுதல், செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உள்ளிட்டு வேறு படமாக்கித் தன் படைப்பென்று கூறுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பள்ளி ஆண்டு மலர், விழாப் பதாகை, போட்டிச் சுவரொட்டி போன்றவற்றிற்குப் படம் தேவைப்பட்டால் கலைஞரிடம் எழுதிக் கேட்க வேண்டும். கடிதத்தில் தாம் யார், எந்தப் படம், எதற்காக, எத்தனை படிகள், விற்பனை உண்டா இல்லையா என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். விடை வராமையை இசைவாகக் கருதக் கூடாது. ஒப்புதல் கிடைத்தால் படத்தின் அருகிலேயே பெயரை அச்சிட்டு, மலரின் ஒரு படியைக் கலைஞருக்கு அனுப்புவது சிறப்பு. நேரம் குறைவாக இருப்பின் பொது உரிமத்தில் உள்ள படத்தை அதன் நிபந்தனைகளின்படி பயன்படுத்தலாம். நம் பள்ளி மாணவர் ஒருவரையே வரையச் செய்வது அதனினும் சிறந்தது.

விரும்பிய படத்திற்கு இரு வரியில் பாராட்டு எழுதுவதும் பண்பே. பதிவிறக்கிய எண்ணிக்கை கலைஞருக்குக் கணக்கை மட்டும் தெரிவிக்கும். பாராட்டுரையே தம் படைப்பு ஒருவரைச் சென்று சேர்ந்ததை அவருக்கு உணர்த்தும்.

நிறைவாக

சட்டம் அனுமதிப்பது, தண்டனைக்கு உள்ளாகாமல் இருக்கப் போதுமானது. பண்பு அதனினும் ஓரடி முன்செல்வது. தனிப்பயன்பாட்டிற்காகப் பதிவிறக்கிய படத்தின் பெயரை எவரும் சரிபார்க்கப் போவதில்லை. கைப்பேசியினுள் இருப்பதை எவரும் காணப் போவதும் இல்லை. காண்பார் இல்லாத இடத்தில் கடைப்பிடிப்பதே பண்பு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டிற்குப் பெயர் தேடி வைத்த மொழிக்கு உரியவர்கள், நேற்று வரையப்பட்ட ஓவியத்தின் பெயரைத் தொலைக்கலாகாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் கைப்பேசியிலோ குடும்பத்தினர் கைப்பேசியிலோ உள்ள ஐந்து படங்களைத் தேர்ந்து, அவற்றை உருவாக்கியோர் யார் எனக் கண்டறிந்து பட்டியலிடுக.
2. பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் ஓர் ஓவியத்தைப் பயன்படுத்த ஒப்புதல் வேண்டி, அதனை வரைந்த ஓவியருக்குக் கடிதம் எழுதுக.
3. 'படியெடுப்பதால் மூலம் குறைவதில்லை. எனவே இழப்பும் இல்லை' – இக்கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. தனிப்பயன்பாடு என்றால் என்ன? இரண்டு சான்றுகள் தருக.
2. செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அமைந்த விதத்தை எழுதுக.

சிறுவினா
1. இணையத்தில் கலைஞரின் பெயர் தொலையும் விதத்தை விளக்குக.
2. அமர்நாத் சேகல் வழக்கு உணர்த்தும் கருத்து யாது?

நெடுவினா
1. பகிரப்பட்ட கலைப்படைப்பைப் பெறுவோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.